இரண்டு விரல் தள்ளி

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஜெராக்ஸ் கடை மாடியில்
ஆறு மாதத்துக்கு எடுத்த அறை.
இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை.
சரக்கு ரயில் போகும்போதெல்லாம்
சுவர்க்கடிகாரம் கொஞ்சம் நடுங்கும்.

என் வேலை அழுத்துவது.
சரியான இடத்தில் அல்ல,
அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி.
பதினோரு நாள் பயிற்சி தந்தார்கள்
தவறைத் தவறாமல் செய்ய.

திரைக்கு அந்தப் பக்கம் ஜெபராணி
சரியான இடங்களை அழுத்துவாள்.
யாருக்கு எந்தக் கட்டில் என்பதைச் சீட்டு சொல்லும்.
வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லக் கூடாது.

தேசம்மாள் கட்டைவிரலை மையில் ஒற்றி
ஒப்புதல் படிவத்தில் வைத்தாள்.
நீலக் கறை விழுந்தது, ரேகை விழவில்லை.
"எறா உரிச்சி உரிச்சித் தேஞ்சி பூட்ச்சி.
ரேஷன் கடை மிஷினே என்னியத் தெரியாதுன்னுது."

பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு?
பத்து என்றால் தாங்கவே முடியாதது,
பிரசவம் மாதிரி, என்று விளக்கினேன்.
"பிரசவம் ஆறு" என்றாள்.
"காசிமேட்டுல விடிகாலம் ரெண்டு மணிக்கு
ஐஸ் தண்ணில கைய வுடு.
அப்பால சொல்லு, பத்து எதுன்னு."
தோளுக்கு ஒன்பது எழுதினேன்.

டில்லிபாபு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்.
எண்ணூர் சாலை வரிசையில் நின்றே
பாதி ராத்திரி தீர்ந்துபோகும். இடுப்புக்கு எட்டு.
படுத்த நான்காம் நிமிடம் குறட்டை.
தூக்கத்தை எங்கே குறிப்பது என்று மேலே கேட்டேன்.
குறிக்க வேண்டாம் என்றார்கள்.

செவ்வாய், வெள்ளி. இருபது நிமிடம்.
தேசம்மாளுக்கு ஒன்பது, எட்டு, எட்டு, ஆறு.
தெருவில் தண்ணீர் நின்ற வாரம் மறுபடி ஒன்பது.
பிறகு ஐந்து.
ஐந்து என்று சொன்ன அன்று
பாலிதீன் பையில் கால் கிலோ எறா கொண்டுவந்தாள்.
விதிப்படி எதையும் வாங்கக் கூடாது.
வாங்கினேன். குழம்பு வைத்தேன்.
சாப்பாடுதான் இறங்கவில்லை.

டிசம்பரில் சீட்டுகளைப் பிரித்தார்கள்.
இரண்டு கட்டிலிலும் வலி இறங்கியிருந்தது,
ஏறக்குறைய ஒரே அளவு.
"குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்றார்
கணக்குப் பார்த்தவர், கண்ணாடியைத் துடைத்தபடி.
ஜெபராணி அன்று யாரிடமும் பேசவில்லை.
எட்டு வருடம் விரலால் படித்த இடங்கள் அவை.

என் கட்டிலில் படுத்தவர்களுக்கு
நிஜமான சிகிச்சை ஆறு தடவை தர வேண்டும், அது விதி.
தேசம்மாளிடம் உண்மையைச் சொன்னேன்.
"அப்ப இத்தினி நாளு சும்மாவா அமுக்குன?"
"சும்மா இல்ல. ரெண்டு விரல் தள்ளி."

திரைக்கு அந்தப் பக்கம் போனாள்.
கடிகாரம் ஒருமுறை நடுங்கி நின்றது.
பிறகு அவள் குரல்:
"நல்லாத்தாம்மா கீது.
ஆனா அந்தப் பொண்ணு அமுக்குச்சே,
அதான் எடம்."

ஜெபராணி சத்தமாகச் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போகும்போது, நான் என் கட்டைவிரலை
உதறிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள்.
"எவ்ளோ?"
"நாலு."
"நாலுக்குலாம் எவ லீவு போட்டா?"
கேட் திறக்கும் மணி கேட்டது.
அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.