ஆறு நிமிடம் பன்னிரண்டு வினாடி

காவேரிப்பட்டணம் தாண்டி ரோட்டோர மாங்கூழ் ஃபேக்டரி.
மே இருபத்துநாலு.
பெங்களூரா லோடு இறங்கும் இடத்தில்
ஈக்கள் எனக்கு முன்பே வேலைக்கு வந்திருந்தன.

என்னைக் கூப்பிட்டது ஒரு காகிதத்துக்காக.
டின்னை மூடியது பதினொன்று நாற்பது,
கூழைக் காய்ச்சியது பதினொன்று நாற்பத்துமூன்று.
மூடிவிட்டுத்தான் காய்ச்சுவீர்களா என்று
வெளிநாட்டிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.
மேனேஜர் சிரிக்கவில்லை.

பழைய பில் கட்டுகளுக்கும் உடைந்த தராசுக்கும் நடுவே
ஏசி ஓடுகிற இடத்துக்குப் பெயர் சர்வர் ரூம்.
மெஷினைக் கேட்டேன்:
கடைசியாய் யாரிடம் மணி கேட்டாய், எப்போது?
பிப்ரவரி இருபது என்றது.
அன்றைக்குத்தான் புது ஃபயர்வால் மாட்டியிருக்கிறார்கள்.
நூற்றிருபத்துமூன்றாம் கதவை அது சாத்திக்கொண்டது.
யாரும் தட்டிப் பார்க்கவில்லை.
அன்றிலிருந்து இது
வயிற்றுக்குள் துடிக்கும் ஒரு துண்டுப் படிகத்தை நம்பி
நாளுக்கு நாலு வினாடி முந்தி
தொண்ணூற்றுமூன்று நாள் தனியே நடந்திருக்கிறது.

டெல்லியில் சீசியம் வைத்திருக்கிறார்கள்.
தொள்ளாயிரத்துப் பத்தொன்பது கோடியே
இருபத்தாறு லட்சத்து முப்பத்தோராயிரத்து
எழுநூற்று எழுபது தடவை அது அதிர்ந்தால்
ஒரு வினாடி.
வாய் வலிக்கிற அந்த எண்ணை
உலகமே ஒத்துக்கொண்டிருக்கிறது.
இந்த வாசலில் மட்டும் இல்லை.

வாசல் பஞ்சிங் மெஷினும் இந்த சர்வரிடம்தான் மணி கேட்கும்.

டீ நேரத்தில் திம்மக்கா சொன்னாள்.
காம்பு கிள்ளும் பிரிவு.
போச்சம்பள்ளி பஸ் இறக்கிவிடுவது ஆறு ஐம்பத்தைந்து.
ஏழுக்குள் விரல் வைக்க வேண்டும்.
மே ஆறிலிருந்து அவள் விரலுக்குச் சிவப்பு.
சிவப்புக்கு அரை மணிக் கூலி பிடித்தம்.
சீசனில் ஞாயிறு கிடையாது; பதினெட்டு நாள், பதினெட்டுச் சிவப்பு.

"எம் போன்ல ஆறு அம்பத்தஞ்சுதான் சார் காட்டுது."

"பட்டன் போனை நம்பறதா, மெஷினை நம்பறதா?"
இது பசவராஜ், செக்யூரிட்டி.

அந்தப் போனுக்கு மணி சொல்வது டவர்.
டவருக்குச் சொல்வது
இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில்
அணுக்கடிகாரம் சுமந்து சுற்றும் செயற்கைக்கோள்.
மாம்பால் கறை ஏறிய ஒரு சுருக்குப்பைக்குள்
சரியான மணி தினமும் பஸ்ஸில் வந்து
சிவப்பு வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறது.

திருத்த இரண்டு வழி.
ஒன்று, வினாடிக்கு அரை மில்லிவினாடி பின்னிழுப்பது.
எந்த நிமிடமும் திரும்ப வராது, பதிவேடு குழம்பாது.
முடிய எட்டு நாள் எட்டு மணி நேரம்.
அதற்குள் இவளுக்கு இன்னும் இரண்டு காலை சிவப்பு.

மற்றதைச் செய்தேன்.
பாய்லர் அணைந்து லைன் நிற்கும் வரை காத்திருந்து
இரண்டு முப்பத்தாறை
இரண்டு முப்பதாக்கினேன்.
கிருஷ்ணகிரி மாவட்டத்தில்
அந்தச் சுவருக்குள் மட்டும்
ஆறு நிமிடம் இரண்டு முறை நடந்தது.
டபுள் டியூட்டி பசவராஜ்
இரண்டு முறையும் தூங்கினார்.

அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தேன்:
கடிகாரம் ஆறு நிமிடம் பன்னிரண்டு வினாடி முந்தியிருந்தது.
வெளிநாட்டுக்குப் போகும் பிரதியில்
அதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார் மேனேஜர்.
ஆபீஸ் பிரதியில் எடுத்துவிடச் சொன்னார்.
கூழுக்கு மெஷின் தப்பு.
கூலிக்கு மெஷின் சரி.

எடுக்கவில்லை. என் பில் இன்னும் அவர் மேசையில்.

விடிந்ததும் வாசலில் நின்றேன்.
பஸ் வந்தது.
நாற்பத்தொரு விரல்.
பச்சை. பச்சை. பச்சை.
திம்மக்கா விரலை எடுக்காமல்
அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் பார்த்தாள்.
பிறகு என்னை.

"அப்போ நேத்து வரைக்கும் சார்?"