எப்ப மாறும்

பள்ளி நூலகத்தில் பெரியவர்களுக்கு நாற்காலி இல்லை.
ஏழு வயதுக்கு அளவெடுத்தவற்றில்
முழங்கால் நெஞ்சில் இடிக்க அமர்ந்திருக்கிறோம்:
முதல்வர், வகுப்பாசிரியை, உளவியலாளர்,
பேச்சுப் பயிற்சிக்கு வருபவர்,
தொழிற்சாலை மேலங்கியைக் கழற்றாத தயாபரி,
நான்.

கல்விச் சபை எனக்கு மணிக்கணக்கில் கூலி தருகிறது,
குறைந்தது இரண்டு மணி.
கூட்டாதே, குறைக்காதே,
உன் சொல்லை உள்ளே விடாதே. அவ்வளவுதான் விதி.
வெளியே ஸ்காபரோவின் மார்ச் மாதம்
உப்பும் சேறுமாய் உருகிக்கொண்டிருக்கிறது.

பதினான்கு பக்க அறிக்கை.
முதல் பக்கத்திலேயே தடுக்கினேன்.
சிறப்பு வகுப்பு என்றேன்.
தயாபரியின் முகம் மலர்ந்தது.
"ஸ்பெஷல் கிளாசோ? காசு கட்டவேணுமே?"
ஊரில் ஸ்பெஷல் கிளாஸ் என்றால்
சோதனைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகள்,
கெட்டிக்காரருக்கு.
இங்கே எட்டுப் பிள்ளைகள், ஓர் ஆசிரியை, இரண்டு உதவியாளர்கள்,
சத்தம் தாங்காத காதுக்கு ஹெட்போன்,
மடியில் போட ஒரு கனத்த போர்வை.
இதற்கு என்னிடம் ஒற்றைச் சொல் இல்லை.
நீட்டிச் சொன்னேன். மலர்ந்தது மெல்ல மூடியது.
"காசு இல்லை, இது அரசுப் பள்ளி" என்றார் முதல்வர்.
அதையும் சொன்னேன்.

ஆரூரன் நாலாம் சதமானத்தில் என்றார் உளவியலாளர்.
"நாலு மார்க்கோ?"
மார்க் இல்லை,
நூறு பிள்ளைகளை வரிசையில் விட்டால்
நாலாவதாய் நிற்கிறான், பின்னாலிருந்து.
"ஆர் வரிசையில விட்டது?"
அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தேன்.
யாரும் எடுக்கவில்லை.

பிறகு கேட்டாள்:
"எப்ப மாறும்?"

எங்கள் பேச்சில் காய்ச்சல் மாறும்,
புண் மாறும், முழங்கால் நோ மாறும்.
மாறுவது என்றால் இல்லாமற் போவது.
ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு கதவு.
எப்போது குணமாகும் என்று திறந்தால்
உளவியலாளர் பேனாவைக் கீழே வைத்து
இது நோயல்ல என்று தொடங்குவார்.
இந்த மாதம் மட்டும் ஐந்து தடவை
அந்தப் பேச்சைத் தமிழில் சொல்லியிருக்கிறேன்.
பிழையான பேச்சில்லை.
ஆனால் அது முடிகிறபோது தாய்மார் எல்லோரும்
கைப்பையின் வாரை விரலில் சுற்றுவார்கள்.

மூன்று விநாடி.
மற்றக் கதவைத் திறந்தேன்:
அவன் எப்போது மாறுவான்?

அதுவரை வாய்திறக்காத மிஸ் கொவால்ஸ்கி
"ஏற்கெனவே" என்றார்.
செப்டம்பரில் மேசைக்கு அடியில் இருந்தான்.
தீயணைப்பு மணி அடித்தபோது என் விரலைக் கடித்தான்,
பாருங்கள், தழும்பு.
நவம்பரில் மேசைக்குப் பக்கத்தில்.
போன கிழமை பனிச் சப்பாத்தைக்
கால்மாறிப் போட்டு, நாலடி நடந்து பார்த்து,
தானே கழற்றி, மாற்றிப் போட்டான்.
பதினொரு நிமிடம்.
எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள், நாங்கள் இருவரும்தான்.

தயாபரி அழவில்லை. சிரிக்கவுமில்லை.
"எந்தக் கால் முதல்?"
மிஸ் கண்ணை மூடி யோசித்தார். "இடது."
"வீட்டிலயும் இடதுதான்."

பாரத்தில் கையெழுத்து வைக்கவில்லை,
இவருக்கும் காட்டவேணும் என்று நான்காய் மடித்தாள்.
என் கூலிச்சீட்டில்
மொழிபெயர்ப்பில் சிக்கல் ஏதும் உண்டா என்றொரு கட்டம்.
இல்லை என்று குறித்தேன்.

லோரன்ஸ் வீதித் தரிப்பில் அவளும் நின்றாள்.
விதிப்படி நாங்கள் பேசக்கூடாது.
"நான் கேட்டது அதில்லை" என்றாள்,
கோபமில்லை, பஸ் வரும் திசையைப் பார்த்தபடி.
"தெரியும்" என்றேன்.

"அடுத்தமுறை மற்றதையும் கேளுங்கோ.
என்ன சொல்லுவினம் எண்டு எனக்குத் தெரியும்.
எண்டாலும் கேளுங்கோ."