மூன்று நாற்பதுக்கு ஓர் இரைச்சல்

கரூ பாலையில் என் வேலை
காரணம் தேடுவது.
வண்டிக் கூரையில் ஆன்டெனா,
பின்னிருக்கையில் கம்பளி, ஃபிளாஸ்க், பாம்புக்கொக்கி.
எங்கோ ஒரு வெல்டிங் பொறி பறந்தாலும்
எவனோ ஒளித்துவைத்த கைப்பேசி விழித்தாலும்
வானைக் கேட்கும் தட்டுகள் எல்லாம் முகம் சுளிக்கும்.
நான் போய் அணைப்பேன்.
சம்பளச் சீட்டில் என் பதவி மூன்று வரி நீளம்.
பண்ணையாட்கள் சுருக்கமாக
'உஷ் லெனோரா' என்கிறார்கள்.

அந்த ஜூனில்
தினமும் விடிகாலை மூன்று நாற்பதுக்கு
ஓர் இரைச்சல்.
பதினோரு நிமிடம் கீறிவிட்டு நிற்கும்.
ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டு நடந்து வந்த
ஹைட்ரஜனின் முனகலுக்கு மேல்
கொழுப்பு பொரிவதுபோல் படபடவென்று.
நொம்வூயோ தலையில் கைவைத்தாள்.

சாப்பாட்டு மேசையில் அவர்கள் பேசுவது வேறு.
ருஜேரோ சூப்பில் ரொட்டியைத் தோய்த்தபடி சொன்னான்:
முதல் போடாமல் திறந்த கடை இது.
வரவில் இத்தனை விண்மீன்,
பற்றில் அதே அளவு ஈர்ப்பு.
கூட்டிப் பார், பூஜ்யம்.
வெறுமை ஒரு கணம் நடுங்கியது, அவ்வளவே.

நடுங்கியதென்றால் குளிர் இருந்திருக்குமே, என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டான்.

நொம்வூயோ வேறு கட்சி.
பழைய அண்டமொன்று சுருங்கிச் சுருங்கி
இனி முடியாது என்ற இடத்தில் எம்பியதாம்.
மூச்சை முழுக்க விட்டபின்
நெஞ்சு தானாக இழுக்குமே, அப்படி.
அதற்கு முன்?
அதற்கு முன்னும் மூச்சுதான்.

'முன்' என்ற சொல்லே அங்கே செல்லாது,
என்று குறுக்கிட்டான் டியோன்.
காலமும் அன்றைக்குப் பிறந்த பிள்ளை.
பிறந்த பிள்ளையிடம்
போன வருடம் எங்கிருந்தாய் என்று கேட்பீர்களா?

சமையல்காரி மாக்டா
'கர்த்தர்' என்று ஒரே சொல்லில் முடித்துத்
தட்டுகளை எடுத்துப் போனாள்.
அவளோடு யாரும் வாதிடவில்லை,
நாளைக்கும் சாப்பிட வேண்டுமே.

எனக்குக் கட்சி இல்லை.
என் அனுபவத்தில் 'தானாக' என்பது
நான் இன்னும் கதவு தட்டாத வீடு.

ஒன்பதாம் இரவு ஊசி வடமேற்கே நிமிர்ந்தது.
நாற்பது கிலோமீட்டர், ஆறு கேட்டுகள்.
இறங்கித் திற, ஓட்டு, இறங்கி மூடு.
கடைசியில் கேர்ட் ஃபிசாகியின் தகரக் கொட்டகை.
உள்ளே ஒரு டியூப்லைட்
எரியவா வேண்டாமா என்று துடித்துக்கொண்டிருந்தது.
அதன் கீழே பைஜாமாவும் ரப்பர் பூட்ஸுமாக அவர்,
மடியில் ஆட்டுக்குட்டி,
குட்டியின் வாயில் பால்புட்டி.

ஸ்டார்ட்டர் போய்விட்டது, என்றேன்.
தெரியும்.
ஏன் இந்த நேரத்தில்?
இதற்குப் பசிக்கிற நேரம் இது.
தாய்?
குள்ளநரி.
வேலி இருக்கிறதே.
மார்ச்சில் அறுத்தார்கள். திரும்பக் கட்டவில்லை.
யார்?
புட்டியைச் சாய்த்துப் பிடித்தபடி
முகவாயால் தென்கிழக்கைக் காட்டினார்.
உங்கள் தட்டுகளுக்குக் கேபிள் புதைக்க வந்தவர்கள்.

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
மூல காரணம்.
வண்டிக்குள் பேனாவைக் கடித்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
காதுதான் சத்தத்தைப் பெற்றது என்று எழுதினால்
கேப் டவுனில் யார் ஏற்பார்கள்?
'பழுதான ஸ்டார்ட்டர்' என்று எழுதினேன்.
பொய்யில்லை.
வேலிக்குத் தனிக் காகிதம்.
என் டார்ச்சை அவரிடமே விட்டு வந்தேன்.

மறுநாள் மூன்று நாற்பதுக்கு
நொம்வூயோ தன் ஹெட்போனை என் தலையில் மாட்டினாள்.
கீறல் போயிருந்தது.
அதன் அடியில், அதுவரை மூடிக்கிடந்த
ஒரு சீரான உஸ்ஸ்.

பழக்கத்தில் என் கை
வண்டிச் சாவியைத் தேடியது.
எழுந்தும் விட்டேன்.
எந்தப் பக்கம் ஓட்டுவது?
எல்லாத் திசையிலிருந்தும்
ஒரே அளவில் வந்துகொண்டிருந்தது.