வலப்பக்கக் கண்ணாடி

நாற்பத்தெட்டாம் வருஷத்து ஷெவர்லேக்கு
முன்கண்ணாடி ஒன்றல்ல, இரண்டு.
நடுவில் ஒரு கம்பி.
கம்பிக்கு இடப்பக்கம் ஆதெமார்,
வலப்பக்கம் நான்.
முப்பத்தொரு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

சால்தோ சாலையில் ஓர் ஆரஞ்சு லாரி
போகிற போக்கில் ஒரு கல்லை
என் பக்கம் எறிந்துவிட்டுப் போனது.
விரிசல் முதலில் நகத்தளவு.
பைசாந்து வந்து சேர்வதற்குள்
என் மூக்குக்கு நேரே வந்துவிட்டது.
"உன் பக்கம்தானே" என்றான் ஆதெமார்.
அந்தத் "தானே"யை நான்
பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

கண்ணாடி அறுக்கிற தார்தோ
மீன்தொட்டிக்கும் அறுப்பான்,
சவப்பெட்டியின் முகத்துவாரத்துக்கும் அறுப்பான்.
"வளைவில்லாத கண்ணாடி, அரை மணி வேலை.
இரண்டையும் மாற்றிவிடுங்கள், சுல்மா.
பழசு ஓரமெல்லாம் மஞ்சள் பூத்திருக்கிறது."
கையிலிருந்த பணம் ஒன்றுக்குத்தான் கண்டது.

பழைய ரப்பரைக் கத்தியால் கீறினோம்.
கருவாடு மாதிரி ஒடிந்து ஒடிந்து வந்தது.
அதன் அடியில், விரலகலத்துக்கு, பச்சை.
நாங்கள் வாங்கும்போதே கறுப்புக் கார்.
அதற்கு முன் யாருக்கோ இது
பச்சைக் கார்.
ஆதெமார் துருவைச் சுரண்டினான்,
பச்சையை மட்டும் சுரண்டாமல் விட்டான்.
ஏனென்று நான் கேட்கவில்லை.

புது ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி
அதன் பள்ளத்தில் நைலான் கயிற்றை ஓட்டி
சோப்புத் தண்ணீர் பூசி
நான் வெளியே நின்று இரு கையாலும் அழுத்த,
அவன் உள்ளே உட்கார்ந்து கயிற்றை இழுக்க,
ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி
உள்ளே மடிய வேண்டும்.
சொன்னால் இவ்வளவுதான்.

சோற்றில் கல் கடிபடுகிற சத்தம்.
அவ்வளவு சின்னச் சத்தம்.
என் கைக்கடியில் புதுக் கண்ணாடி
மூலைக்கு மூலை இரண்டாகிவிட்டிருந்தது.

நீ அழுத்தினாய் என்றான் அவன்.
நீ இழுத்தாய் என்றேன் நான்.
பிளாஸ்கில் மாத்தேக்கு வைத்த வெந்நீர்
யாரும் ஊற்றாமலே ஆறியது.
எடுத்து வைத்திருந்த "தானே"யை
அன்றுதான் செலவழித்தேன்.

தார்தோ ஒன்றும் கேட்கவில்லை, பாதி விலை வாங்கினான்.
அவன் மனைவிதான்
எங்கள் இருவரையும் தனித்தனியாக நலம் விசாரித்தாள்.

குற்றவாளி மூலையில் இருந்தது:
எந்தக் காலத்திலோ யாரோ வைத்த
வெல்டிங் பொட்டு, கடுகளவு.
ஆதெமார் அதை அரத்தால் ராவினான்,
தடவிப் பார்த்தான், மறுபடி ராவினான்,
பிறகு என் விரலைப் பிடித்து இழுத்து
அந்த இடத்தின் மேல் ஓட்டினான்.
மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.
எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை பேச்சில்லை.
அவன் ஓர் அங்குலம் இழுத்தால்
நான் ஓர் அங்குலம் நகர்ந்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு
பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி அவன்.
கடைசி மூலையில் ரப்பர்
"சப்" பென்று வாயை மூடியது.

ஞாயிற்றுக்கிழமை சால்தோவுக்குப் புறப்பட்டோம்.
"மூடுபனி" என்றான்.
எங்கே?
என் பக்கத்தில் மாடுகளின் காதுகூடத் தெரிகிறது.
தூரத்தில் தைமான் பாலம்,
பாலத்துக்கும் அப்பால் மழை
இன்னும் வந்து சேராமல் நிற்பது தெரிகிறது.
அதைச் சொன்னேன். நம்பவில்லை.
ஐந்து நிமிஷத்தில் மழை வந்தது.
இந்தக் காரின் வைப்பருக்கு ஒரு குணம்:
மேட்டில் காலை அழுத்தினால் அது நின்றுவிடும்.
நின்றது.

அப்போது ஆதெமார்,
ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
கம்பியைத் தாண்டி
மெல்ல மெல்லச் சாய்ந்து
தலையை என் தோளருகே கொண்டுவந்தான்.
சவர சோப்பு வாசனை.
"ரோட்டைப் பார்" என்றேன்.
"அதைத்தான் பார்க்கிறேன்" என்றான்.