நூற்றில் ஏழு போனால்

"நூறுல ஏழு போனா?"
தொண்ணூத்தி மூணு என்றார் இவர், டக்கென்று.
"அதுல இன்னொரு ஏழு?"
இவர் ஜன்னலைப் பார்த்தார்.
ஏசி பெட்டிமேல் ஒரு காகம்.
"எதுக்கு சார் போவணும்?"
அடுக்கம்பாறை டாக்டர் சிரித்துவிட்டு
அதையும் எழுதிக்கொண்டார்.

சிப்காட் தோல் ஷாப்பில்
டிரம் பக்கத்துப் பலகை ஈரமாக இருந்தது.
எட்டடி உயரம் என்கிறது எங்கள் மனு.
நாலடி என்கிறது அவர்கள் பதில்.
விழுந்தவருக்கு ஞாபகமில்லை.
ஹெல்மெட் கொடுத்தோம், அவர்தான் போடவில்லையாம்.
கொடுத்திருந்தால் வீட்டில்
தண்ணீர் மொள்ளவாவது ஆகியிருக்கும்.

இ.எஸ்.ஐ. அட்டை கிடையாது.
வருகைப் பதிவேட்டில் பெயர் கிடையாது.
காண்டிராக்டர் நோட்டில் பென்சிலால் 'ஏகா' என்று இருந்தது.
அந்த ஏகா என் புருஷன் ஏகாம்பரம்தான் என்று காட்ட
பதினான்கு மாதம்,
மூன்று ஜெராக்ஸ் கடை,
ஆட்டோவில் தூக்கிப்போட்ட சாலமோனின் சாட்சி.
சாலமோனுக்கு இப்போது அங்கே வேலை இல்லை.

வக்கீல் நஸ்ரீன் ஒரு துண்டுத்தாளில் போட்டுக் காட்டினாள்:
மாதக்கூலி பதினாலாயிரத்து எண்ணூற்று இருபது.
அதில் அறுபது சதவீதம்.
நாற்பது வயதுக்கு அட்டவணையில் ஓர் எண், 184.17.
பெருக்கு.
பிறகு மண்டை எவ்வளவு போச்சு என்று போர்டு சொல்லுமே,
அந்தச் சதவீதம்.
நாற்பது கொடுத்தால் ஆறரை லட்சத்துக்கு மேல் வரும்க்கா.
ஒரு சதவீதம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன்.
பதினாறாயிரத்து முந்நூற்று எழுபத்தாறு.

அன்றிலிருந்து எனக்கு எல்லாமே சதவீதம்தான்.
மகள் பெயரை அத்தை பெயரால் கூப்பிட்டால் ஒன்று.
செருப்பை ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு.
காரணமில்லாமல் தட்டை வீசிவிட்டு
பொறுக்கவும் உட்கார்ந்து அழுவாரே,
அதற்கு அட்டவணையில் எந்தப் பக்கம்?

மூக்கும் போய்விட்டது.
இருபது வருஷம் சுண்ணாம்புக் குழியும் பச்சைத் தோலும்
சட்டையோடு வீட்டுக்கு வரும்; நான் வாசலிலேயே கழற்றச் சொல்வேன்.
இப்போது ஆற்காடு மக்கன் பேடாவும் மண் மாதிரி இருக்கிறதாம்.
கம்பெனி வக்கீல் சொன்னார்:
தோல் ஷாப்பில் மூக்கு இல்லாதது வசதிதானே, ஐயா?
அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.
ஆனி மாதம் ஒரு நாள்
பால் கருகி, பாத்திரம் கருகி, பக்கத்து வீடு ஓடிவந்தது.
இவர் அடுப்புக்கு எதிரேயே உட்கார்ந்திருந்தார்.
மறுநாளே நான் ஷூ கம்பெனிக்குப் போவதை நிறுத்தினேன்.
என் கூலியைப் பெருக்க
எந்த எண்ணும் இல்லை என்றாள் நஸ்ரீன்.
அவள் அதைச் சொல்லும்போது பேனாவை மூடிக்கொண்டாள்.

இன்று போர்டு முடிந்து பஸ் ஏறினோம்.
ஆற்காடு தாண்டி, பாலாற்றுப் பாலம்.
கீழே மணல், முள்மரம், இரண்டு எருமை.
இவர் கம்பியைப் பிடித்தபடி
யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்:
"எண்பத்தாறு."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.
புரிந்ததும் வயிற்றில் ஏதோ துள்ளியது.
அடுத்த நொடி
பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்,
யார் காதிலாவது விழுந்ததா என்று.
பதினாறாயிரம், முப்பத்திரண்டாயிரம் என்று
உள்ளே ஒருத்தி கழிக்க ஆரம்பித்திருந்தாள்.

"மெல்லச் சொல்லுங்க" என்றேன்.
பிறகு, முத்துக்கடை வருவதற்குள்,
அவர் காதோடு போய்
"அதுல இன்னொரு ஏழு?"