பதினேழாம் குழாய்

மனாமாவில் இந்த அரங்குக்கு
பார்வையாளர் அறிந்த உயரம் ஒன்று.
மேடைக்கு மேல்
அதைப்போல் மூன்று பங்கு இருட்டு.
அதில் எனக்கு வேலை.

நிலா நூற்றுப்பத்து கிலோ.
ஃபைபர், உள்ளே பல்பு.
மறுமுனைக் கூண்டில்
பதினோரு இரும்புக் கட்டிகள்.
பிறகு ஒற்றைக் கையால் இழுத்தாலே
உதிக்கும்.

ஏற்றும்போது முதலில் நிலா, அப்புறம் இரும்பு.
கழற்றும்போது முதலில் இரும்பு.
வேறு வேதமில்லை இங்கே,
விசிலடிக்காதே என்பதைத் தவிர.
முன்னொரு காலம் கயிறிழுத்தவர்கள் கப்பல்காரர்களாம்,
விசில் கேட்டால் வானத்தை இறக்கிவிடுவார்களாம்.
பலூச்சி துராப் இன்றும் உதட்டைக் கடித்துக்கொள்வான்.

கரந்துவரல் எழினி என்று
எங்கள் மொழியில் பழைய பெயர் உண்டு,
மேலே ஒளிந்திருந்து இறங்கும் திரைக்கு.
துராபிடம் சொன்னேன்.
"எத்தனை கிலோ?" என்றான்.

நேற்று
இரண்டாம் காட்சிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
நாற்பது நொடி இருட்டு.
கீழே யாரோ நிலாவைக் கழற்றிவிட்டார்கள்.
இரும்பு அப்படியே.
வெறுங்குழாய் விர்ரென்று மேலேற
ஓடும் கயிற்றைப் பிடித்தேன்,
பிடிக்கவே கூடாது.
கையுறை கருகியது.
கூண்டு தரையில் மோதியது.

திரைக்கு அப்பால் ஒரு கணம் மௌனம்.
பிறகு கைதட்டல்.

ஹெட்செட்டில் மேலாளர்:
"இடி பிரமாதம்.
நாளைக்கும் இதே இடத்தில் வருமா?"

துராப் கட்டிகளை எண்ணினான்.
மறுபடி எண்ணினான்.
பத்து.

பதினொன்றாவது
பாடகி காத்து நிற்கும் இடத்தில்,
அவளுக்காக ஒட்டிய மஞ்சள் டேப்புக்கு
ஒரு சாண் தள்ளி
பலகைக்குள் பாதி இறங்கியிருந்தது.
அவள் அதைத் தாண்டிப் போய்
பாடிக்கொண்டிருந்தாள்.