கார்டில் வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை ஊசி என்று
கார்டில் எழுதியிருந்தது.
செவ்வாய் இரவே வந்துவிட்டது அது,
கார்டு வாசிக்கத் தெரியாதது.

முதலில் நுரை.
பிறகு மஞ்சள் தண்ணி.
பிறகு அந்த வாடை,
எதைப் போலவும் இல்லாதது.
நைட் ஷிப்ட் முடிந்து
உடம்பெல்லாம் கொழுந்து மணக்க வந்தவனுக்கு
கதவைத் திறக்கும் முன்பே தெரிந்தது.

ஹட்டனுக்கு ஆட்டோ.
புஷ்பராணியின் ஸ்வெட்டருக்குள் குட்டி.
டிக்கோயா வளைவு ஒவ்வொன்றிலும்
"இருக்கா?" என்றேன்.
"இருக்கு" என்றாள்.
ஒரு வளைவில் பதில் வரவில்லை.
அடுத்த வளைவில் வந்தது.

ஹிமாலி டொக்டர்
கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார்.
நின்றது அப்படியே, சின்னப் படங்குக் கூடாரம்போல.
அது படியும்வரை
மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
"உள்ளுக்குத் தண்ணி இல்ல" என்றார்
தனக்குத் தெரிந்த தமிழில்.
"நோயைக் கொல்ல மருந்து இல்ல.
நாங்க தண்ணி குடுக்கிறது.
சண்டை அது பிடிக்கிறது."
சீட்டுக்காசு கவரோடு கைமாறியது.

சேலைன் பைக்கு ஆணி வேண்டும்.
இருந்தது ஒரே ஆணி.
முருகன் இறங்கி நாலு நாள்
அரிசி வாளி மூடிமேல் இருந்தார்.
தோலுக்கடியில் தண்ணி இறங்க இறங்க
முதுகில் ஒரு திமில் எழும்பியது.
"உள்ளங்கை அளவு ஒட்டகம்" என்று
சிரிக்க ஆரம்பித்தவள்
பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

பகல் எனக்கு. இரவு அவளுக்கு.
பேர்க்கணக்கு எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில்:

ஒண்ணு பத்து. வாந்தி, ஒரு கரண்டி.
ரெண்டு. ரத்தம். கூட.
ரெண்டே முக்கால். வாயில ஒண்ணும் குடுக்கல.
மூணரை. சுடுதண்ணிப் போத்தல் ஆறிப்போச்சு. திரும்பக் காய்ச்சினேன்.
நாலு. மூச்சு இருக்கு.
நாலு இருபது. இருக்கு.
நாலரை. இருக்கு.

அதே கொப்பியின் முன்பக்கத்தில்
மூன்று நாள் அவளுக்குப் பேர் விழவில்லை.

நாலாம் காம்பராவில் இதன் கூடப்பிறந்தது.
புதன் மத்தியானம் செத்தது.
கவிஷான் தேயிலைக்கு நடுவில் புதைத்துவிட்டு
நேரே எங்கள் வாசலுக்கு வந்தான்.
"இதுக்கு எப்படி இருக்கு?"
பிளீச்சிங் வாளியோடு நின்றேன் நான்.
"உள்ள வராத தம்பி, கால்ல ஒட்டும்."
அவன் தன் செருப்பைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
வெறுங்காலோடு மழைக்குள் திரும்பினான்.

அவன் காலில் ஒட்ட இனி என்ன இருக்கிறது,
அவன் வீட்டிலும் அதேதானே என்பது
அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஒரே கூரை, ஒரே பீலி.
நடுச்சுவரும் கூரைவரை எட்டாது.
அவன் அழுததை முழுக்கக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை.
வாந்தி நின்று பதினாறு மணி நேரம்.
ஜீவனித் தண்ணி, ஊசிக்குழாயில், ஐந்து மில்லி.
பத்து நிமிஷம் சுவரைப் பார்த்தோம்.
தங்கியது.
இன்னொரு ஐந்து.
அந்திக்கு, குழாயைத் தள்ளிவிட்டு
என் சுண்டுவிரலைக் கவ்வியது.
வலித்தது.
விட்டுவிட்டேன் அப்படியே.

ஒரு வருஷமும் மண்ணில் கிடக்குமாம் அது.
பிளீச்சிங் பட்டு
இஸ்தோப்பு முழுக்கத் தேமல் விழுந்ததுபோல் வெளிறிவிட்டது.
பணிய லயத்துக்காரர்களிடம் சொல்லியிருக்கிறோம்,
ஊசி போடாத குட்டியை
இந்தப் பக்கம் இறக்கிவிட வேண்டாமென்று.

கார்டில் பழைய தேதியை வெட்டி
புதுத் தேதி போட்டார் டொக்டர்.
பெயர் என்ற இடத்தைப் பேனாவால் தட்டினார்.
வைக்கவில்லை நாங்கள்.
வைத்தால் கூப்பிட வேண்டிவரும் என்று
அவளுக்கொரு பயம்.

"நாலாம் காம்பராப் பையனக் கேட்டுட்டு வாறோம்" என்றேன்.

அவன் இன்னும்
எங்களோடு பேசுவதில்லை.